அண்ணாச்சி பதில்கள்: அரை டம்ளர் டீ

போன மாதம் இந்தப் பக்கத்தில் வேறு எதற்கோ பதில் சொல்லும்போது, நான் குடியை விட்ட கதையை நாலு வரி எழுதிவிட்டேன். அதிலிருந்து வருகிற கடிதமெல்லாம் அதைப் பற்றித்தான். பாதிக்கு மேல் பெண்கள் எழுதியவை. ஆகவே இந்த மாதம் வேறு கேள்வி கிடையாது.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டர். பெரும்பாலும் திருநெல்வேலி–பாபநாசம் தடம். 2009-ல் ஆனித் தேரோட்டத்துக்கு மறுநாள் குடியை விட்டேன். என் பெயர் இங்கே வராததற்குக் காரணம் கூச்சம் இல்லை. நான் போகிற ஏ.ஏ. கூட்டத்துக்கு (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அமைப்பு) பன்னிரண்டு மரபுகள் உண்டு. பத்திரிகையில் பெயரும் படமும் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது அதில் பதினொன்றாவது. கடிதம் எழுதியவர்களின் பெயரையும் எடுத்துவிட்டேன். ஊரைப் பக்கத்து ஊராக மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, நான் முக்கூடல் பக்கம். பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரருக்கு நாற்பத்தொரு வயது, கொத்தனார். கல்யாணமாகிப் பதினாறு வருஷமும் குடிதான். போன வருஷம் நகையை அடகு வைத்து ஒரு மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் சேர்த்தோம். வந்து மூன்று மாதம் நன்றாக இருந்தார். ஊர்க் கொடையில் சாமிக்குப் படைத்தது என்று ஒரு வாய் குடித்தார், அதோடு போச்சு. இப்போது விடிந்ததுமே கை நடுங்குகிறது. ஏ.ஏ. கூட்டம் எங்கே நடக்கிறது, அவரை எப்படிச் சேர்ப்பது? அது வேதக்கோயிலில் நடக்கும், மதம் மாற்றிவிடுவார்கள் என்கிறார் மாமியார். அவர் எங்கிருந்தோ ஒரு மாத்திரை வாங்கி வந்து, குழம்பில் கலந்து கொடு, தானாக விட்டுவிடுவான் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரையைக் குழம்பில் போடாதீங்க. மாமியார் கைக்கு எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள்.

குடியை மறக்கடிக்கிற மாத்திரை என்று கைமாறுவது பெரும்பாலும் டைசல்பிராம். மருந்து நல்ல மருந்துதான், டாக்டர்களே எழுதித் தருவார்கள். உள்ளே போன சாராயம் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற விஷமாக மாறும். அந்த விஷத்தை உடம்பு அடுத்து முறித்துவிடும். மாத்திரை அந்த இரண்டாவது வேலையை நடக்கவிடாது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் விஷம் தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். இருதயம் பலவீனமானவர் என்றால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். அதனால்தான் ஈரலையும் இருதயத்தையும் சோதித்து, குடிக்கிறவரிடமே எல்லாவற்றையும் விளக்கி, அவர் சரி என்றால் மட்டும் கொடுக்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் மத்தியானம் குடித்துவிட்டுச் சாரத்தில் ஏறுகிற கொத்தனாரை நினைத்துப் பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. இந்த விஷயம் ஒருநாள் அவருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் நீங்கள் வைக்கிற சோற்றை அவர் முகர்ந்து பார்த்துத்தான் பிசைவார்.

அடுத்தது அந்தக் கை நடுக்கம். இந்த நிலையில் இருக்கிறவரை, சாமி முன்னால் சத்தியம் வாங்கி ஒரேயடியாக நிறுத்த வைப்பதும் ஆபத்து. எனக்கு நடந்தது இது. முதல் நாள் நடுக்கம், வேர்வை. இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, சுவரில் ஊர்கிற சிவப்பெறும்பு ஒவ்வொன்றிடமும் டிக்கெட் எடுத்தாச்சா, டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டேனாம். சுவரில் ஒரு எறும்பும் கிடையாது. மனைவி இன்றைக்கு இதைச் சொல்லிச் சிரிக்கிறாள். அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டாள்.

ஆகவே முதலில் டாக்டர். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது; அங்கே மனநலப் பிரிவுக்குப் போங்கள். மனநலம் என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், குடிக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் அவர்கள்தான். எத்தனை வருஷமாக, தினம் எவ்வளவு என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். நாம்தான் இரண்டு குவார்ட்டரைக் ‘கொஞ்சம் போல’ என்போமே. தெருமுனைக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நாள்பட்ட குடியில் வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அதை ஊசியாகப் போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையைப் பாதிக்கலாம்.

கூட்டம் எங்கே என்று அதே பிரிவில் விசாரித்தாலே சொல்வார்கள். 14446 என்று ஒரு இலவச எண் இருக்கிறது, போதை மீட்புக்காக மத்திய அரசு நடத்துவது. அதிலும் கேட்கலாம். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்திலும் தேடலாம். உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் பிள்ளைகளிடம் செல்போனைக் கொடுங்கள். பாளையங்கோட்டை, நாகர்கோவில் போலக் கொஞ்சம் பெரிய ஊராகப் பார்த்து விசாரியுங்கள். போகும் முன் போன் செய்து நாளையும் நேரத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அறை மாறும், கிழமை மாறும். வாசலில் பெரிய போர்டும் இருக்காது.

வேதக்கோயில் விஷயத்தில் மாமியார் சொன்னதில் பாதி சரி. பல கூட்டங்கள் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூடத்திலோ நடக்கும், அங்கேதான் சாயங்காலம் அறை சும்மா கிடக்கிறது. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. கடவுள் என்ற சொல் வரும். ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்றுதான் வரும். எங்கள் குழுவில் மேலப்பாளையத்து பாய் ஒருவர் இருக்கிறார். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவரும் இருக்கிறார். வாழ்நாளில் சாமி கும்பிடாதவர். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பத்துப் பேர்தான் எனக்குச் சாமி என்பார். அவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

எப்படிச் சேர்ப்பது என்று கேட்டீர்கள். நீங்கள் சேர்க்க முடியாது, தங்கச்சி. அங்கே அட்மிஷன் கிடையாது, பீஸ் கிடையாது, கையெழுத்து கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. அது அவரிடமிருந்துதான் வர வேண்டும். ஆனால் உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போகும். அதைச் சொல்கிறேன், அவர் காதில் விழுகிற மாதிரி சத்தமாகப் படியுங்கள்.

நான் மூன்று வாரம் கேட் வரைக்கும் போய்த் திரும்பினேன். யாராவது பார்த்துவிட்டால்? எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, கூட்டம் முடிகிற வரைக்கும் பேப்பர் படிக்கிற மாதிரி நடிப்பேன். மூன்றாவது வாரம் டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “அண்ணாச்சி, ஏழு மணிக்கு ஆரம்பிச்சிருவாவ. உள்ள போங்க.” ஊருக்கே தெரிந்திருக்கிறது. முருகன்குறிச்சியில் சட்டைப் பட்டன் இல்லாமல் ரோட்டோரம் கிடந்தபோது எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நான் ஒருநாளும் கணக்கு வைத்ததில்லை.

உள்ளே ஒரு ட்யூப்லைட், நாலு பெஞ்சு, பதினோரு பேர். வாசல் பக்கம் ஒருவர் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றித் தந்தார், டம்ளரில் பாதிதான். இதில்கூடவா கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டே கையில் வாங்கினேன். டம்ளருக்குள் டீ அலையடித்தது. முழு டம்ளராக இருந்திருந்தால் சட்டையெல்லாம் டீதான். நான் உள்ளே வந்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார் என்று நினைத்திருந்தேன். அவர் பார்த்தது கையை.

அப்புறம் ஒருவர் எழுந்து, தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்றார். எல்லாரும் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். அவர் தன் கதையைச் சொன்னார். இடையில் யாரும் பேசவில்லை, புத்தி சொல்லவில்லை, உச்சுக் கொட்டவும் இல்லை. வீட்டு அரிசிப் பானைக்குள் பாட்டிலைப் புதைத்து வைத்ததைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் தண்ணீர்த் தொட்டிக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டவன். உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். புதிதாக வருகிறவர் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. நான் நாலு வாரம் வாய் திறக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கடைசியில் ஒரு பை சுற்றி வரும், அறை வாடகைக்கும் டீத்தூளுக்கும். புதியவர் போட வேண்டாம். வெளியாட்கள் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள்.

இது தொடங்கியதே இப்படித்தான். 1935-ல் அமெரிக்காவில் பில் என்ற பங்குச்சந்தைக்காரர், குடியை விட்டு ஐந்தாறு மாதம் ஆனவர், ஆக்ரன் என்ற ஊருக்கு வியாபாரமாகப் போய்த் தோற்றுப்போனார். ஓட்டல் கூடத்தில் நிற்கிறார், பக்கத்தில் மதுக்கூடத்துச் சத்தம் கேட்கிறது. அங்கே போகாமல், சர்ச்சுகளுக்குப் போன் போட்டு, இந்த ஊரில் குடியால் கஷ்டப்படுகிறவர் யாராவது உண்டா, நான் அவரிடம் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கிடைத்தவர் பாப் என்ற அறுவை சிகிச்சை டாக்டர். பில் அவருக்கு உபதேசம் பண்ணப் போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார். டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். டாக்டருக்கே வைத்தியம் தெரியாத நோய் இது என்று நாங்கள் கேலி பேசுவோம்.

சரி, அவர் வரவே மாட்டேன் என்றால்? நீங்கள் போங்கள். குடிக்கிறவரின் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. பில்லின் மனைவி லோயிஸ், இன்னொரு பெண்ணோடு சேர்ந்து 1951-ல் ஆரம்பித்தது. என் வீட்டில் நடந்தது அதுதான். எனக்கு எட்டு மாதம் முன்னாலேயே என் மனைவி போக ஆரம்பித்தாள், என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் ஏதோ மாறுகிறது என்பது. டிப்போவுக்குப் போன் போட்டு, அவருக்குக் காய்ச்சல் என்று சொல்வதை நிறுத்தினாள். போனை என் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். சண்டையும் நின்றது. ஒருநாள் திண்ணையிலேயே விழுந்துவிட்டேன். வழக்கமாக உள்ளே இழுத்துப் போட்டுச் சட்டை மாற்றிவிடுவாள். அன்றைக்கு ஒரு போர்வையைப் போர்த்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். காலையில் பால்காரர் என்னைத் தாண்டிப் போய் மணி அடித்தார். அந்தப் போர்வையின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

ஒன்று மட்டும்: அவர் கை நீட்டுகிறவர் என்றால் இதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு உங்களையும் பிள்ளைகளையும் பாருங்கள். 181 பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம்.

அந்த மையத்துப் பணம் வீண் என்று நினைக்க வேண்டாம். மூன்று மாதம் குடிக்காமல் இருந்தாரே, அது அவர் உடம்புக்குத் தெரியும். இன்னொரு தடவை சேர்க்கிற மாதிரி வந்தால், 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்த இடமா என்று கேளுங்கள். வீட்டார் பார்க்கவே கூடாது என்கிற இடம் வேண்டாம்.

கொடை பற்றி. எங்கள் ஊர் மாடனுக்கும் சாராயமும் சுருட்டும் படைப்பார்கள். நான் வரி கொடுக்கிறேன், வில்லுப்பாட்டுக் கேட்கிறேன், சாப்பிடுகிறேன். சாமக்கொடைக்கு முன்னால் கிளம்பிவிடுகிறேன். முதல் வருஷம் மட்டும், பிரசாதத்தை மறுக்கலாமா என்று ஒருவர் கையைப் பிடித்தார். மாடனுக்கு நேர்ந்ததை மாடன் குடித்துக்கொள்ளட்டும், அவருக்கு மறுநாள் டூட்டி கிடையாது என்றேன்.

கேள்வி: வள்ளியூர்ப் பக்கம் தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். வயது 33. தினமும் குடிப்பதில்லை, சனி ஞாயிறு மட்டும். ஆனால் இந்த வருஷம் நாலு திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். நான் குடிநோயாளிதானா? கூட்டத்துக்குப் போனால் மாணவர்களின் அப்பாமாரைப் பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது?

பதில்: தம்பி, நீங்கள் குடிநோயாளியா என்று நான் சொல்ல மாட்டேன். ஏ.ஏ.விலும் யாரும் உங்களுக்கு முத்திரை குத்த மாட்டார்கள், அதை அவரவர்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு கணக்கு வேண்டுமானால் தருகிறேன். உலக சுகாதார நிறுவனம் ‘ஆடிட்’ என்று பத்துக் கேள்வி வைத்திருக்கிறது. மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே குடி ஆபத்தான பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். 20 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். கணக்கு வாத்தியார்தானே, பொய் சொல்லாமல் கூட்டிப் பாருங்கள். இதில் குறைய வாங்கினால்தான் பாஸ்.

திங்கட்கிழமைகளை நீங்களே எண்ணி வைத்திருப்பதைக் கவனித்தேன். நானும் எண்ணினேன், வேறு விதமாக. கண்டக்டர் பைக் கணக்கில் எவ்வளவு துண்டு விழுந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

அப்பாமாரைப் பார்த்துவிட்டால் என்ன என்கிறீர்கள். அவர் அங்கே ஜவுளி எடுக்கவா வந்திருப்பார்? என் கதையைக் கேளுங்கள். கல்லிடைக்குறிச்சி தாண்டி பஸ்ஸில் ஏறி, எட்டு டிக்கெட் கொடுக்காமல் விட்டிருந்ததைக் கண்டுபிடித்து என்மேல் மெமோ எழுதிய செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருவர் உண்டு. அன்றைக்கு என் வாயில் சாராய வாடை, அதையும் எழுதினார். நியாயமான மெமோதான், ஆனால் நாலு வருஷம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் ஆறாவது கூட்டத்தில் கொஞ்சம் தாமதமாகப் போனேன். ஓரத்துப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நகர்ந்து உட்கார்ந்து, “இடம் இருக்கு, இரும்” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் பக்கத்து பக்கத்தில் உட்கார்ந்தோம், மெமோ பற்றிப் பேசினதே இல்லை. அவர் இப்போது இல்லை. எழுதலாமா என்று அவர் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அங்கே பார்த்ததும் கேட்டதும் அந்த அறையோடு சரி. அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறுங்கள். ஊர் மாறிப் போகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கொரோனா காலத்திலிருந்து போனிலும் கூட்டம் நடக்கிறது, முகம் காட்டாமல் கேட்கலாம். ஆனால் ஒருநாளாவது நேரில் போய்ப் பெஞ்சில் உட்காருங்கள். போனில் டீ வராது.

கேள்வி: களக்காடு. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். பத்தாவதில் 450-க்கு மேல் வாங்கினால் குடியை விட்டுவிடுவதாக அப்பா சொன்னார். 471 வாங்கினேன். விடவில்லை. நான் இன்னும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: மக்கா, நீ ஒன்றும் செய்ய வேண்டாம். உன்னால் வந்த குடி இல்லை, உன் மார்க்கால் நிற்கப்போவதும் இல்லை. நானும் என் மகனிடம் இதே மாதிரி சத்தியம் செய்திருக்கிறேன். சொல்லும்போது மனசாரத்தான் சொன்னேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சத்தியம் எங்கே போனது என்று எனக்கே தெரியாது. உன் அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கும். அது நோய். உன்மேல் பாசம் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதே.

471-ஐ உனக்கென்று வைத்துக்கொள். ராத்திரி சத்தமாக இருந்தால் படிக்கப் போகிற மாதிரி ஒரு வீடு, அத்தை வீடோ தோழி வீடோ, இப்போதே பேசி வை. பயமாக இருந்தால் 1098. மனசு பாரமாக இருந்தால் 14416, தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. பள்ளியில் உனக்குப் பிடித்த டீச்சர் ஒருவரிடமாவது இதைச் சொல். வீட்டு ரகசியத்தை வெளியே சொல்வது தப்பு என்று உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இதைச் சொல்லலாம்.

கேள்வி: பேட்டை. விட்டு ஒன்பது நாள் ஆகிறது. டாக்டரைப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டம். எனக்குச் சர்க்கரை உண்டு. அங்கே சீனி போடாத டீ கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். வாசலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லா டீயிலும் முதலிலேயே சீனி போட்டுவிடுகிற ஆள் ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. குடி நின்றால் சர்க்கரை அளவும் மாறும், மாத்திரையை டாக்டரிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாள் போனால் டீ போடுகிற பொறுப்பு உங்களிடமே வரும், புதியவர்களுக்குக் கொடுக்கிற முதல் வேலை அதுதான். எனக்கு மூன்றாவது மாதம் வந்தது. பதினைந்து பேருக்கு ஒன்றரை லிட்டர் பால், இஞ்சியைத் தட்டிப் போட வேண்டும், பிளாஸ்க்கை முதலில் வெந்நீரால் கழுவிக்கொள்ள வேண்டும். ஒன்பது நாள் என்றால் கை இன்னும் கொஞ்சம் ஆடும். அரை டம்ளராக வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பக் கேட்டால் திரும்ப ஊற்றுவார்கள்.